கேள்விக் கணை தொடுத்த தீரர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் தென்காசிச் சீமைக்கே ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. அருவியில் குளித்துத் தலை துவட்டும் கூட்டத்தில் நாட்டு நடப்புப் பேசாதவர் இல்லை. அந்தப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு. தூர்ந்த கால்வாயைக் காட்டி, பூட்டிய படிப்பகத்தைக் காட்டி, எரியாத தெருவிளக்கைக் காட்டி நம்மவர் சொல்வது, 'கேட்பாரற்றுக் கிடக்கிறது' என்பதே. நம் தென்காசிப் பெரிய கோயிலின் கோபுரமும் ஒரு காலத்தில் மொட்டைக் கோபுரம் என்று பெயர் வாங்கிப் பல்லாண்டுகள் சிதைந்தே நின்றது. 1990-ஆம் ஆண்டில்தான் அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது.

காப்பார் அற்று என்று சொல்லியிருக்கலாம். பார்ப்பார் அற்று என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தமிழன் 'கேட்பார் அற்று' என்றான். கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தால் ஒரு பொருள் பாழாகாது என்பது இம்மொழியே கண்டு வைத்த அரசியல் பாடம் அன்றோ! அந்தப் பாடத்தைத் தம் வாழ்வாகவே நடத்திக் காட்டிய ஒருவரின் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். அவரே தீரர் சத்தியமூர்த்தி.

பிறப்பும் கல்வியும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், மலைக்கோட்டையும் குடைவரைக் கோயில்களும் கொண்ட திருமயம் என்னும் ஊரில் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வழக்கறிஞர். இளமையிலேயே தந்தையை இழந்த சத்தியமூர்த்திக்குக் குடும்பப் பொறுப்பும் படிப்பும் ஒருசேரத் தோளில் ஏறின. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று, சட்டமும் கற்று வழக்கறிஞரானார்.

மேடையில் அவருக்கு அச்சம் என்பதே இல்லை. ஆங்கிலம் ஆற்றொழுக்காக வரும். தமிழ் அதற்குச் சற்றும் குறையாது. நாடகத்தில் பெருவிருப்பம் கொண்ட அவர், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் வேடம் பூண்டு நடித்தவர். நடிகர்களைச் சமுதாயம் இளக்காரமாகப் பார்த்த அந்நாளில் அவர்களைத் தேசிய மேடைக்கு அழைத்துவந்தவர். எந்தச் சொல்லை எங்கே நிறுத்தி, எங்கே உயர்த்திப் பேசவேண்டும் என்னும் பயிற்சியை நாடக மேடை அவருக்குத் தந்திருக்க வேண்டும். அது பிற்காலத்தில் சட்டமன்றத்தில் கைகொடுத்தது.

1919-ஆம் ஆண்டில் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கூட்டுக் குழு விசாரித்தபோது, காங்கிரஸ் அனுப்பிய தூதுக்குழுவில் ஒருவராக அவர் இலண்டன் சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டுதான்.

கேள்வியின் பிறப்பு

அவர் ஏந்திய படைக்கலம் கேள்வி. அது எப்படிப் பிறந்தது என்பதை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

நாடாளுமன்றக் கேள்விகளில் பதிவான முதற் கேள்வி, இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் 1721-ஆம் ஆண்டு எழுந்தது. தென்கடல் கம்பெனி என்ற நிறுவனம் நொடித்து ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்த நேரம் அது. நாட்டைவிட்டு ஓடிய அதன் காசாளர் பிடிபட்டது உண்மைதானா என்று கௌப்பர் பிரபு அமைச்சரவையைக் கேட்டார். ஆக, முதற் கேள்வியே பணத்தைப் பற்றியது! மக்கள் பணம் எங்கே போயிற்று என்று கேட்பதற்காகவே இந்தப் பழக்கம் பிறந்தது போலும்.

நம் நாட்டிலோ இந்த உரிமை சொட்டுச் சொட்டாக வந்தது. 1892-ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்சி மன்றங்களில் உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம் என்றது. ஆனால் வந்த பதிலின்மேல் மறுகேள்வி கேட்க இடமில்லை. 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், கேட்டவர் மட்டும் ஒரு துணைக் கேள்வி கேட்கலாம் என்று வாயிலைச் சற்றுத் திறந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே, ஒருவர் கேட்ட கேள்வியின்மேல் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி எழுப்பலாம் என்னும் நிலை வந்தது.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். ஆய்வகத்தில் ஒரு கம்பியின் விட்டத்தை ஒருமுறை மட்டும் அளந்து எழுதினால் நம் பேராசிரியர் ஏற்பதில்லை. இடம் மாற்றி மாற்றி அளக்கச் சொல்கிறார். ஒரே அளவில் ஒளிந்திருக்கும் பிழை பல அளவுகளில் வெளிப்பட்டுவிடும். துணைக் கேள்வியும் அப்படிப்பட்டதே. முதற் கேள்விக்கான பதிலை அலுவலகம் பல நாள் உட்கார்ந்து எழுதித் தருகிறது. அமைச்சர் அதைப் படித்துவிட்டு அமரலாம். துணைக் கேள்விக்கோ எழுதி வைத்த பதில் இல்லை. அங்கேதான் உண்மை அகப்படும்.

சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி

சட்டமன்றங்களைப் புறக்கணிப்பதா, உள்ளே நுழைந்து போராடுவதா என்று காங்கிரசில் பெரும் விவாதம் நடந்த காலத்தில், உள்ளே நுழைவதே வழி என்று நின்ற சுயராச்சியக் கட்சியில் அவர் சேர்ந்தார். 1923-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்திற்குள் சென்றார். நம் குற்றாலத்தில் வாழ்ந்து கம்பனை வளர்த்த இரசிகமணி டி.கே.சி. அவர்களும் 1920-களின் பிற்பகுதியில் அந்த மன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை.

அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம் முதலிய துறைகள் இந்திய அமைச்சர்களிடம்; நிதி, காவல் முதலிய துறைகள் கவர்னரின் நிருவாகக் குழுவிடம். பொறுப்பு ஒருவரிடம், பணப்பெட்டி இன்னொருவரிடம்! பள்ளிக்கூடம் ஏன் இல்லை என்று கேட்டால் பணம் இல்லை என்பார் அமைச்சர். பணம் ஏன் இல்லை என்று கேட்டால் அது தம் துறையன்று என்பார். இந்தப் பொந்துக்குள் அரசாங்கம் ஒளிந்துகொள்ளாமல் தடுப்பதே கேள்வி கேட்பவரின் வேலையாயிற்று.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் சட்டமன்றத்தை விட்டு வெளியேறிச் சிறை சென்றார். 1934-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த மத்தியச் சட்டசபைத் தேர்தலில், சென்னை நகரத் தொகுதியில் ஆற்காடு இராமசாமி முதலியாரைத் தோற்கடித்து வெற்றி பெற்றார். நீதிக்கட்சியின் பெருந்தூணாகவும் சிறந்த பேச்சாளராகவும் விளங்கியவர் முதலியார். ஆகையால் அந்த வெற்றி நாடெங்கும் பேசப்பட்டது. டில்லியில் புலாபாய் தேசாய் தலைமையில் இயங்கிய காங்கிரஸ் கட்சிக்குச் சத்தியமூர்த்தி துணைத் தலைவரானார்.

வெல்ல முடியாத களம்

நண்பர்களே, அந்த மத்தியச் சட்டசபை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே எத்தனை வாக்குகளில் தோற்றாலும் அரசாங்கம் கவிழாது. வைசிராயின் நிருவாகக் குழு உறுப்பினர்களைச் சட்டசபை நீக்க முடியாது. வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழப் பாதியை இராணுவச் செலவு விழுங்கியது. அந்தச் செலவும், கடனுக்கான வட்டியும், உயர் அதிகாரிகளின் சம்பளமும் வாக்கெடுப்புக்கே வராதவை. வாக்கெடுப்புக்கு வரும் மானியங்களைச் சட்டசபை மறுத்தாலும் வைசிராய் ஒரு கையெழுத்தில் மீட்டுவிடலாம். 1935-இல் நிதி மசோதாவில் உப்பு வரியைச் சட்டசபை குறைத்தது. வைசிராய் வில்லிங்டன் தம் சிறப்பு அதிகாரத்தால் பழைய வரியையே நிலைநாட்டினார்.

இப்படி முன்பே தோல்வி எழுதப்பட்ட களத்தில் போராடுவதால் பயன் என்ன? இந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்வே விடை. அரசாங்கத்தை நீக்க முடியாவிட்டாலும், அதை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்க முடியும் என்று அவர் கண்டார். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தாலே அரசாங்கத்தார் கலங்கினர் என்று அக்கால வரலாறு கூறுகிறது. அறிக்கைகளையும் கணக்குகளையும் கரைத்துக் குடித்துவிட்டு வருவார். தம் கேள்விக்கு மட்டுமல்லாமல், மற்ற உறுப்பினர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலின்மேலும் துணைக் கேள்விகளை அடுக்குவார்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு குளம் தூர் வாரப்பட்டதா என்று கேட்கிறோம். ஆம், இத்தனை ஆயிரம் ரூபாயில் வாரப்பட்டது என்று பதில் வருகிறது. அதோடு அமர்ந்துவிட்டால் அரசாங்கத்துக்கு வெற்றி. எத்தனை கன மீட்டர் மண் எடுக்கப்பட்டது, அளந்தவர் யார், அந்த மண் எங்கே கொட்டப்பட்டது, அந்த ஆண்டு எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்று தொடர்ந்தால்தான் குளத்தில் தண்ணீர் நின்றதா, கணக்கில் மட்டும் நின்றதா என்பது தெரியும். பரிசீலனையில் உள்ளது, தகவல் திரட்டப்படுகிறது என்பன போன்ற பதில்களுக்கு அடுத்த கேள்வி, எத்தனை நாளாக என்பதே!

மானியக் கோரிக்கையின்போது நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் கொண்டுவரும் வெட்டுத் தீர்மானமும் இத்தகையதே. கோடிக் கணக்கில் செலவிடும் துறைக்கு நூறு ரூபாய் ஒரு பொருட்டா? பணத்தைக் குறைப்பது அதன் நோக்கமன்று. ஒரு குறையைப் பேசி அமைச்சரிடம் விடை வாங்குவதற்கு அது ஒரு சாவி.

வரலாறு சொல்லும் இன்னொரு பக்கம்

பெரியோரைப் பற்றி எழுதும்போது புகழ் மட்டும் எழுதுவது நம் வழக்கம். ஆனால் கேள்வியைப் போற்றும் கட்டுரையில் கேள்வி கேட்டவரையும் கேள்வி கேட்காமல் விடுவது முறையாகாது.

புதுக்கோட்டை மண்ணில் பிறந்து, அதே மன்னர் கல்லூரியில் பயின்ற இன்னொருவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். நாட்டிலேயே சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண்மணி என்று போற்றப்படுபவர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் போராடியபோது, சத்தியமூர்த்தி அதை எதிர்த்து நின்றார். அன்னிய அரசை அஞ்சாமல் கேள்வி கேட்டவர், பழைய வழக்கத்தைக் கேள்வி கேட்கத் தயங்கினார். அந்தக் கேள்வியை அம்மையார் கேட்டார். 1947-இல் அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

கேள்வி கேட்கும் உரிமை ஒருவரிடமே, ஒரு கட்சியிடமே, ஒரு வகுப்பாரிடமே இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒருவர் காணாததை மற்றொருவர் காண்பார். அதற்காகத்தான் மன்றத்தில் பல இருக்கைகள் போடப்பட்டிருக்கின்றன.

பதில் சொல்லும் இடத்தில்

1937-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி அமைக்கும் வேளை வந்தது. சத்தியமூர்த்திக்கு எதிர்பார்ப்பு இருந்தது. ஆயினும் பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார்; இராஜாஜி பிரதமரானார். சத்தியமூர்த்தி டில்லியில் தம் கேள்விகளோடு தொடர்ந்தார்.

கேள்வி கேட்டவர் பதில் சொல்லும் இடத்துக்கு வந்தது 1939-இல். சென்னை மாநகராட்சியின் மேயரானார். நகரமோ குடிநீருக்குத் தவித்தது. உலகப் போரும் மூண்டிருந்தது. இந்த நேரத்தில் அணையா என்று தட்டிக் கழிக்க எல்லாக் காரணங்களும் இருந்தன. பிறர் சொன்ன சாக்குகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் அவர். அந்தச் சாக்கைத் தாமே சொல்ல விரும்பவில்லை. அரசை வற்புறுத்தி ஒப்புதல் பெற்று, கொசத்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940-இல் அடிக்கல் நாட்டச் செய்தார்.

ஆனால் அந்தத் தண்ணீரை அவர் பருகவில்லை. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதாகி, நெடுந்தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பயணத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு உடல் நலிந்தது. 1943-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் சென்னையில் காலமானார். பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது 1944-இல். இன்று அது சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவரிடம் அரசியல் பயின்ற காமராசர், பின்னாளில் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார்.

விதை முளைத்தது

அவர் போராடிய காலத்தில் இல்லாத ஒன்று விடுதலைக்குப் பின் வந்தது. கேள்வியால் அமைச்சரை வீட்டுக்கு அனுப்பவும் முடிந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டதைப் பற்றி 1957-இல் மக்களவையில் கேள்வி எழுந்தது. பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தும் அஞ்சாமல் அதைக் கிளறினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இன்று மக்களவையில் நாள்தோறும் இருபது நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் பட்டியலிடப்படுகின்றன. தணிக்கைத் தலைவரின் அறிக்கையை ஆராயப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே அதற்குத் தலைவராவது மரபு. எனினும் இந்த உரிமை தானாக நிலைத்து நிற்பதன்று. 1975-இல் நெருக்கடி நிலையின்போதும், 2020-இல் பெருந்தொற்றின்போதும் கேள்வி நேரம் இல்லாமலே நாடாளுமன்றம் கூடியது. கூச்சலில் கேள்வி நேரம் கரைந்துபோகும் நாள்களும் உண்டு. அப்போது தோற்பவர் அமைச்சர் அல்லர். கேட்க ஆளின்றிக் காத்திருக்கும் குடிமகன்.

முடிவாக ஒன்று

சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் நின்ற காலத்தில் சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்கு இருந்தது. கூலிக்கு நாற்று நட்ட என் பூட்டனாருக்கு வாக்கில்லை. எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டையோ அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே ஆட்சியும் மன்றமும் வேறு. இன்று எங்கள் வீட்டில் எல்லார்க்கும் வாக்கு உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் யாரும் கேள்வி கேட்கலாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும். உறுப்பினர்க்கு மட்டுமே இருந்த படைக்கலம் நம் கைக்கும் வந்திருக்கிறது. ஆனால் கேட்கும் துணிவு வந்திருக்கிறதா?

பீடி சுற்றிப் பிழைத்த என் ஆச்சிக்கு முதியோர் ஓய்வூதியம் சில மாதங்கள் வரவில்லை. கேட்டால் கோபித்துக்கொண்டு ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள் என்று ஆச்சி பயந்தாள். நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. வீட்டில் எல்லாரும் அத்தோடு விட்டுவிடச் சொன்னார்கள். அந்த வாரம்தான் நம் கல்லூரி நூலகத்தில் சத்தியமூர்த்தியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மனு எழுதினேன். எந்தத் தேதி முதல் பரிசீலனை, யாரிடம் உள்ளது, எதற்காக நிறுத்தப்பட்டது என்று மூன்றே கேள்விகள். வங்கிக் கணக்கில் ஓர் எண் தவறிப் பதிவாகியிருந்தது தெரியவந்தது. திருத்தப்பட்டு, பணமும் வந்தது. ஆச்சி சுருக்குப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து என் கையில் திணித்தாள். அதைவிட, அடுத்த வாரம் ரேஷன் கடையில் எடை குறைந்தபோது அவளே வாய்திறந்து கேட்டாள் என்று கேள்விப்பட்டதே எனக்குப் பெரிய பரிசு.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வகுப்பில் புரியாததை எழுந்து கேட்க ஓராண்டுக் காலம் எனக்கு நா எழவில்லை. என்னைப் போன்றோர் இங்கே பலர் இருக்கிறோம் என்பதை அறிவேன். நண்பர்களே, வகுப்பறையில் கேட்கத் தயங்குகிறவன் நாளை அலுவலகத்தில் எப்படிக் கேட்பான்? ஊர்ச்சபையில் எப்படி எழுவான்? கேட்போம். பதில் வந்தபின் மறுபடியும் கேட்போம். நம் ஊரில் இனி எதுவும் கேட்பாரற்றுக் கிடக்க வேண்டாம்!